கடி சரியில்லை

என் மாமாவுக்கு முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் தெரியாது. தெருவில் யாராவது நலம் விசாரித்தால் இவரும் விசாரிப்பார், பிள்ளைகள் எப்படி என்றுகூடக் கேட்பார். ஆனால் கண் மட்டும் திருதிருவென்று முழிக்கும். எதிரில் நிற்பவர் சிரித்துவிட்டால் போதும், உடனே தெளிந்துவிடுவார். "மேல் வரிசையில கோரைப்பல் ஒண்ணு மாடிப்படி ஏறி நின்னுச்சே, நீதானே அது?" என்பார். சிரிக்காதவர்கள் அவரைப் பொறுத்தவரை முன்பின் தெரியாதவர்கள்தான். கல்யாணமான புதிதில் ஒரு கடைத்தெருக் கூட்டத்தில் அத்தையைத் தொலைத்துவிட்டு ரொம்ப நேரம் தேடினாராம். அத்தை அவருக்கு எதிரிலேயேதான் நின்றிருக்கிறாள். முறைத்துக்கொண்டு நின்றதால் தெரியவில்லையாம். அத்தை இதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. குழந்தைகளின் பல்வரிசையைச் சீர்செய்யும் டாக்டரம்மா ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறார். டாக்டரம்மா கை நீட்டினால் கருவியை எடுத்துத் தருவது, பல் அச்சு எடுக்கும் பசையைக் குழைப்பது, எடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவை ஊற்றி அந்தப் பிள்ளையின் பல்வரிசையை அப்படியே வார்த்தெடுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. முன்கூடத்தில் காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகள், நடுவில் சிகிச்சை அறை, அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைதான் மாமாவின் ராஜ்ஜியம். மூன்று பக்கமும் அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளைப் பற்கள். புதிதாக வருபவர் யாரும் அங்கே தனியாக நிற்க மாட்டார்கள். இத்தனை வாய் ஒரே நேரத்தில் நம்மைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கும் சட்டைப் பித்தானைச் சரிபார்க்கத் தோன்றும்.

அவர் பல் வேலை கற்றுக்கொண்டு அங்கே போகவில்லை. முன்பு வீடுகளின் கூரையில் பிளாஸ்டரால் பூவும் கொடியும் செய்யும் வேலை. டாக்டரம்மா இந்த இடத்தைத் திறந்தபோது கூரை வேலைக்குப் போனார். கூரையில் அவர் வைத்த பூவைப் பார்த்துவிட்டு, இந்தக் கை எனக்கு வேணுமே என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். ஏணியில் ஏறி ஏறி அப்போதே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்திருந்தது. மாமா ஒப்புக்கொண்டார். கூரையிலிருந்து வாய்க்கு இறங்கிவிட்டேன், வாழ்க்கையில் முன்னேற்றம் என்றால் இதுதான் என்று அதையும் ஒரு கடியாகச் சொல்வார்.

கடிதான் அவருடைய வியாதி. ஒரு சொல்லைப் பிடித்தால் அதை இரண்டாக ஒடித்து எதிராளி தலையில் போடாமல் விட மாட்டார். எனக்குப் பல்லில் கம்பி போட்ட அன்று வீடு முழுக்கப் போய், "மருமக இந்த வயசிலேயே கம்பி எண்ணுறா" என்று சொல்லிவிட்டு வந்தார். பல்லுக்கு எதுக்குக் கம்பி என்று அத்தை கேட்டதற்கு, விட்டால் கம்பி நீட்டிவிடும் என்றார். இரண்டு வருஷம் நான் கம்பி போட்டிருந்தேன். பல் வலித்த நாட்களைவிட இவர் கடி வலித்த நாட்கள்தான் அதிகம். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் போட்டோ எடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டு, திட்டு வாங்கியவள் மாதிரி நிற்பேன். ஈறு எப்போதும் வீங்கியிருக்கும், ஏனென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்களுக்கு நடுவே பிரஷ் போகாது. இப்போது போகிறது. போட்டோவிலும் நான் மனுஷிபோல இருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்குக் கடி பிடிக்காது என்று சொல்ல முடியாது. புரியாது, அவ்வளவுதான். மாமா சொல்லி முடித்ததும் அவர் யோசிப்பார். யோசித்துவிட்டு, தகவலில் உள்ள பிழையைத் திருத்துவார். அப்படியும் பல வருஷம் இருவரும் சமாதானமாகத்தான் இருந்தார்கள். ஒரு நாள் ஒரு பையன் வாய் நிறைய அச்சுப் பசையோடு உட்கார்ந்திருந்தபோது மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நேத்து வந்த பெரியவர் பாவம், டாக்டரம்மா அவரோட சொத்தை எல்லாம் பிடுங்கிட்டாங்க" என்றார். பையனுக்குச் சொத்தைப் பல்லும் தெரியும், சொத்தும் தெரியும். அவன் சிரித்த சிரிப்பில் பசை டாக்டரம்மாவின் கண்ணாடியில் போய் அப்பியது. பையனுக்குப் புரை ஏறி, நிமிர்த்தி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னார், இனிமேல் பிள்ளைகள் அந்த நாற்காலியில் இருக்கும்போது ஒரு கடியும் கூடாது என்று. அதில் அவர் பக்கம்தான் நியாயம். மாமாவும் மறுபேச்சுப் பேசவில்லை. முன்கூடத்தில் மட்டும் கடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று.

அந்தத் தடை வந்த பிறகுதான் வாயாடி வந்தாள். வாயாடி என்பது அவளுடைய அப்பா வைத்த பெயர். மூன்றாம் வகுப்பு படிப்பவள். அப்பா லிஃப்ட் மெக்கானிக், வேலைச் சட்டையோடே அழைத்து வந்திருந்தார். அவளுக்கு மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருந்தது. வாயை மூடும்போதெல்லாம் அந்த மேல்பல் கீழ்ப்பல்லை வெளியே தள்ளும். தள்ளித் தள்ளி அந்த இடத்தில் ஈறு இறங்க ஆரம்பித்திருந்தது. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இந்த வயதில், சின்னச் சுருள்கம்பி வைத்த தகடு ஒன்றை மாட்டினால் சில மாதத்தில் பல் முன்னால் வந்துவிடும். காத்திருந்தால் வேலை பெரிதாகும், அதற்குள் ஈறும் போய்விடும்.

அவளுக்கோ பல்லைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. முன்கூடத்தில் உட்கார்ந்த உடனே மாமாவும் அவளும் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்துவிட்டார்கள். வகுப்பில் கடி சொல்வதில் அவள்தான் முதல். இவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்களாம். உள்ளே கூப்பிட்டபோது மாமா அவள் காதில், "உள்ள கடி கூடாது, டாக்டரம்மா தடை போட்டிருக்காங்க, எனக்கே தடைதான்" என்று எச்சரித்து அனுப்பினார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

டாக்டரம்மா அவள் வாயைப் பார்த்தார். வாயை மூடச் சொல்லி ஒரு தரம், திறக்கச் சொல்லி ஒரு தரம். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"இவ கடி சரியில்ல. இப்பவே கவனிக்கணும். விட்டா வளர வளர மோசமாயிடும். வீட்ல நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் ரொம்ப நாளாக இதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தவர்போலச் சொன்னார், "ஏன் கேக்குறீங்க டாக்டர். எந்நேரமும் கடிதான். டிவி பார்த்தா கடி, படிச்சா கடி. திட்டிப் பார்த்துட்டோம், அடங்க மாட்டேங்கிறா."

அவர் சொன்னது நகத்தை. நகம் என்ற சொல்லை மட்டும்தான் விட்டுவிட்டார். டாக்டரம்மாவும் பல்லை மட்டுமே நினைத்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க, ஒரு தகடு போட்டா சரியாயிடும்" என்றார்.

நாற்காலியில் இருந்தவள் அப்போது மூடினாள் வாயை.

அச்சு எடுக்கப் பசை நிரப்பிய தட்டை வாயருகே கொண்டு போனார்கள், உதடு பிரியவில்லை. சரி, முதல் நாள் பயம் என்று அனுப்பி வைத்தார்கள். அடுத்த முறை வந்தபோதும் அப்படியே. டாக்டரம்மா வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் காட்டினார், தட்டைக் கையில் கொடுத்துப் பார்த்தார், பசையை விரலில் தொட்டுப் புதினா வாசனையை முகரச் சொன்னார். அவள் முகர்ந்தாள், மூக்கால் மட்டும். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்டை மேலே போ, கீழே வா என்று ஆட்டிவைக்கும் மனுஷரால் தன் மகளின் தாடையை விரற்கடை அளவு இறக்க முடியவில்லை. "வீட்ல இவ வாயை மூடவே மாட்டா டாக்டர். இங்க திறக்க மாட்டேங்கிறா" என்று புலம்பினார். பிறகு, இன்னொரு தரம் கூட்டி வருகிறேன், அப்போதும் இப்படி என்றால் விட்டுவிடலாம், பெரியவளானதும் அவளே வரட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வலுக்கட்டாயமாக வாயைத் திறக்கும் வேலை டாக்டரம்மாவிடம் கிடையாது.

இதில் அதிகம் நொந்துபோனது மாமாதான். பெரியவளாகி வரும்போது அந்தக் கீழ்ப்பல்லைப் பிடித்துக்கொள்ள ஈறு இருக்காது என்று வீட்டில் வந்து சொன்னார். பிள்ளைகளை வசப்படுத்த அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை கடி. அதுதான் தடை. முன்கூடத்திலாவது சொல்லிப் பார்க்கலாமே என்றால், அவர் ஆரம்பித்த உடனே அந்தப் பெண் எழுந்து போய் அப்பாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். தன் கடி பழசாகிவிட்டதா என்று மாமா அத்தையிடம் உண்மையாகவே கேட்டார். பிறந்தபோதே பழசுதான் என்றாள் அத்தை.

மூன்றாவது முறை அவர்கள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கம்பியைக் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்கு ஓடிவிடாமல் இருக்க ராத்திரியில் ஒரு தகடு மாட்டிக்கொள்ள வேண்டும். அதன் ஓரம் நாக்கில் குத்தியது. தேய்த்துத் தருகிறேன் என்று மாமா வாங்கி வைத்திருந்தார். சின்ன அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டதால் எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

டாக்டரம்மா வாயாடியை அந்த அறைக்கே அனுப்பினார். வார்த்த பற்களைப் பார்த்தால் பயம் போகலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவள் வந்து அலமாரிகளைப் பார்த்தாள். பயப்படவில்லை. வாயை மட்டும் கையால் பொத்திக்கொண்டாள். மாமா ஒரு கிண்ணத்தில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து இரண்டு ஜோடிப் பற்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது ஒரு பொண்ணோட பல்லு. உன் வயசுதான். வந்தப்ப கடி சரியில்ல. இந்தா, இது தகடு போட்டதுக்கு அப்புறம். கடி எவ்வளவு அழகா அமைஞ்சிருக்கு பாரு."

அவள் பார்த்தாள். கைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இப்ப அவ பேசுவாளா?"

"பேசாம என்ன. முன்ன பேசினா காத்துதான் வரும். இப்ப மணி மாதிரி பேசுறா."

"கடி?"

"அதான் சொன்னேனே, பிரமாதம்."

அவள் நம்பவில்லை. மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் தகடு போட்டாங்களா?"

"எனக்கெதுக்கு? என் கடி பிறவியிலேயே சுத்தம்."

"அப்புறம் ஏன் உங்களைக் கடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க?"

"நான் யாரைக் கடிச்சேன்?" என்றார் மாமா.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு ஒரு விநாடி முன்னாலேயே விளங்கிவிட்டது என்று பிறகு சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை, தனக்குத்தான் முதலில் விளங்கியது என்றார். யாருக்கு முதலில் என்பது போகட்டும். மாமா சிரிக்கவில்லை. ஒரு கடிக்காரர் வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு ஒரு தடவைதான் வரும். வந்தபோது அவர் சிரிக்காமல் இருந்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார். முழங்கால் சடசடவென்று சத்தம் போட்டது.

மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டினார். "இது சேர்ற விதம் இருக்கில்ல, அதுக்குப் பேரு கடி. டாக்டரம்மா சொன்னது இதைத்தான். நீயும் நானும் சொல்றது வேற கடி. அது வாயிலேர்ந்து வந்தாலும், அதுக்கு இங்க வைத்தியம் கிடையாது. இருந்தா எங்க வீட்ல ஒருத்தி இருக்கா, என்னை எப்பவோ இங்க சேர்த்திருப்பா."

அவள் இறங்கி வரவில்லை. "அப்பாவும் சொன்னாரே. எந்நேரமும் கடி, அடங்க மாட்டேங்கிறான்னு."

அப்பாவைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்போல விழித்தார். நகத்தைத்தானே சொன்னேன் என்றார். மகளின் விரல்களைப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். ஒன்றிலும் நகம் மிச்சமில்லை. அவள் பதிலுக்கு அப்பாவின் கையைத் திருப்பிக் காட்டினாள். அதிலும் மிச்சமில்லை. அவர் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுக்குப் பிறகும் அவள் வாயைத் திறக்கத் தயாராக இல்லை. தகடு போடப்போவது டாக்டர்தானே, அவர் சொல்லட்டும் என்று நின்றாள். அதுவும் சரிதான். மாமா உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மாவுக்கு இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. ஒரு குழந்தை, தன் வாயை அடைக்கத்தான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இதோடு மூன்று முறை தன்னிடம் வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். முகமூடியையும் கழற்றினார். அவர் முகத்தை முழுசாக நானே அன்றுதான் பார்த்தேன்.

"நான் சொன்ன விதம் தப்பு" என்றார். "உனக்குத் தெரிஞ்ச கடி ஒண்ணு சொல்லு. கேட்டுட்டுச் சொல்றேன்."

வாயாடி யோசித்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

"பல்லி ஏன் ஈயைப் பார்த்தா வாயைத் திறக்குது?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா பசிக்கும் என்றார். இல்லையாம்.

"அதுக்குப் பேர்லயே பல்லு இருக்கு. பல்லைக் காட்டணும்னா ஈ வேணும்ல."

லிஃப்ட் மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமாவின் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. டாக்டரம்மா ரொம்ப கவனமாகக் கேட்டுவிட்டு, பல்லிக்குப் பல் விழுந்து விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் அதற்கு நம்மிடம் வேலை இல்லை என்றார். பிறகு, "இதுல நான் கை வைக்க மாட்டேன். என் வேலை பல்லுல மட்டும்தான்" என்றார்.

"தகடு போட்டா இதைச் சொல்ல முடியுமா?"

சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. "முதல் வாரம் கொழகொழன்னு வரும். 'ச' வழுக்கும், எச்சில் ஊறும். உன் ஃப்ரெண்ட்ஸ் கேலி பண்ணலாம். தினமும் சத்தமா ஏதாவது படிச்சா சீக்கிரம் பழகிடும். ஆனா சாப்பிட்டதும் பல்லையும் தகட்டையும் தேய்க்கணும். மறந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்."

இத்தனை கஷ்டத்தையும் ஒளிக்காமல் சொன்னதுதான் அவளை அசைத்தது என்று நினைக்கிறேன். பல்லிக் கடியில் 'ச' இல்லை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லாமலே போய் நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தாள். அப்பாவுக்குப் பழக்கமான வாய்தான், அன்று அதைப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது.

மாமா பசை குழைத்துக் கொடுத்தார். டாக்டரம்மா தட்டை வாயில் வைத்துப் பிடித்தார். பசை இறுகும்வரை அசையக் கூடாது. வாயாடி சிலைபோல இருந்தாள். மாமா உதட்டை மடித்துப் பற்களால் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அப்போது டாக்டரம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்றுதான் நினைத்தோம்.

"ஈ" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "பல்லைக் காட்ட ஈ சொல்லணும். ஈ."

அவ்வளவுதான், அவருக்குத் தாங்கவில்லை. தோள் குலுங்கியது, தோளோடு கை குலுங்கியது, கையோடு தட்டும். வாயாடி மட்டும் அசையாமல், இந்த டாக்டருக்கு என்ன ஆச்சு என்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை வெளியே எடுத்தபோது அச்சில் ஒரு பல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பல் இருந்தது.

மாமா கிண்ணத்தைக் கழுவி மறுபடி பசை குழைத்தார். அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "டாக்டரம்மா, பிள்ளை நாற்காலியில இருக்கும்போது கொஞ்சம் சிரிக்காம இருந்தா நல்லது" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் பேசிய பேச்சிலேயே இதுதான் மிகவும் மரியாதையான பேச்சு. டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது அச்சு சுத்தமாக வந்தது.

அதற்குப் பிறகு டாக்டரம்மா பிள்ளைகள் முன்னால் கடி என்ற சொல்லையே எடுப்பதில்லை. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும் முறை என்று நீட்டி முழக்குகிறார். அப்பா அம்மாக்கள் புரியாமல் மாமாவைப் பார்ப்பார்கள். மாமா மெதுவாக, "கடிங்க, பல்லுக்கடி, நகக்கடி இல்ல" என்று மொழிபெயர்ப்பார்.

வாயாடிக்கு முதல் வாரம் டாக்டரம்மா சொன்னபடியே வழுக்கியது. வகுப்பில் கேலியும் செய்தார்களாம். அவள் அதையே வைத்து இரண்டு கடி தயார் செய்ததால் கேலி செய்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். தகட்டை ஒழுங்காக மாட்டினாள். நகம் கடிக்க முயன்றால் தகடு இடித்தது, அதில் நகமும் கொஞ்சம் பிழைத்துக்கொண்டது. சில மாதத்தில் மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்தது. இறங்கியிருந்த ஈறு மேற்கொண்டு இறங்காமல் நின்றது, சிவப்பும் போயிற்று. ஆப்பிளை அப்பா துண்டுபோட்டுத் தர வேண்டியதில்லை, முழுசாகவே கடிக்கிறாள்.

கடைசியாகப் பார்த்த அன்று டாக்டரம்மா அவளை வாயை மூடித் திறக்கச் சொன்னார். திருப்தியில் தன் விரதத்தையே மறந்துவிட்டு, "கடி இப்ப ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"எது?" என்றாள் அவள்.

டாக்டரம்மா வழக்கம்போல யோசித்தார். அந்தப் பக்கம் மாமா கருவியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பல்லுக்கு நான் சொல்லிட்டேன்" என்றார் டாக்டரம்மா. "இன்னொண்ணுக்கு, இனிமே இங்க வேலை இல்லேன்னாலும் எப்பவாவது வந்து காட்டிட்டுப் போ."

அவள் எப்பவாவது வருவதோடு நிற்பதில்லை, பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பக்கம் வந்தால் உள்ளே தலை நீட்டி ஒன்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். சாயங்காலம் ஏதாவது ஒரு நேரத்தில், நாற்காலியில் பிள்ளை யாரும் இல்லாதபோது, அவர் அறையிலிருந்து அந்தத் தும்மல் வரும். மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி மனம் புழுங்குகிறார். இத்தனை வருஷம் தான் சொன்னதில் ஒன்றுக்குக்கூட அந்தத் தும்மல் வந்ததில்லையாம்.